ஹெட்லண்ட் பெயர் எழுதாத அறிக்கை

கார்வின் ஹெட்லண்ட் ஒரே செமஸ்டரில் என் மேல் ஐந்து அறிக்கை எழுதினான். பாப்கார்னைப் பொது மைக்ரோவேவில் வைத்துவிட்டு அரட்டையடிக்கப் போனதற்கு ஒன்று. அறையில் டோஸ்டர் வைத்திருந்ததற்கு ஒன்று. அந்த டோஸ்டரைப் பறித்துக்கொண்டு அவன் ரசீது கொடுத்தபோது, ரசீதை மடித்து ராக்கெட் விட்டதற்கு ஒன்று. மற்ற இரண்டும் எதற்கென்று எனக்கு மறந்துவிட்டது. அவனைக் கேட்டால் தேதியோடு சொல்லுவான்.

லார்சன் விடுதியின் மூன்றாம் மாடிக்கு அவன்தான் ஆர்.ஏ. ஆர்.ஏ. என்பவன் வார்டனும் இல்லை, வெறும் மாணவனும் இல்லை, இரண்டுங்கெட்டான். எங்களைப் போலவே வகுப்புக்குப் போவான், எங்கள் மாடியிலேயே மூலையில் ஒரு தனி அறையில் இருப்பான். அறையும் சாப்பாடும் இலவசம். பதிலுக்கு நாற்பத்தெட்டுப் பையன்களை மேய்க்க வேண்டும். எவன் சுவரை உடைத்தான், எவன் அழுதுகொண்டிருக்கிறான், எவன் குளியலறையில் வாந்தி எடுத்தான் என்று பார்த்து மேலிடத்துக்கு எழுத வேண்டும். மினசோட்டாவின் வடகோடியில், வருடத்தில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊரில், இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் இரண்டே ரகம். தனி அறைக்காக வருகிறவர்கள் ஒன்று, பிறர் நலனுக்காக வருகிறவர்கள் இன்னொன்று. ஹெட்லண்ட் எந்த ரகம் என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை. விதிப் புத்தகத்துக்காகவே வந்தவன் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆகஸ்டில் நாங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியபோது ஒவ்வொரு கதவிலும் காகிதத்தில் வெட்டிய பெங்குவின்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பெயர். நாற்பத்தெட்டையும் அவனே உட்கார்ந்து வெட்டியிருந்தான், இருபத்தொரு வயது ஆம்பளை. மறுநாளே என் அறைத்தோழன் வின்ஸ் ஓர்டிஸ் எல்லாப் பெங்குவினுக்கும் மீசை வரைந்துவிட்டான். ஹெட்லண்ட் கத்தவில்லை, திட்டவில்லை. அட்டையும் பேனாவுமாக மாடி முழுக்க ஒரு நடை நடந்து, "மீசை: 48" என்று எழுதிக்கொண்டு போனான்.

எல்லோரையும் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவான். நேற்று மீசை முளைத்தவனுக்கும் "நீங்க"தான். "மிஸ்டர் டூலி, உங்க துண்டு தீயணைப்புக் கருவி மேல தொங்குது" என்பான். டூலி நான்தான், ரஸ்ஸல் டூலி. அவன் மரியாதை கொடுக்கக் கொடுக்க எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்குள் நியாயம் என்று ஒன்று இருந்ததை நான் முதலில் பார்த்தது ஓர்டிஸின் ஆமை விஷயத்தில். விடுதியில் நாய் பூனை கூடாது. தண்ணீருக்குள் பத்து நிமிடம் மூழ்கி உயிரோடு இருக்கும் பிராணி என்றால் வைத்துக்கொள்ளலாம். மீனை மனதில் வைத்து எவனோ எழுதிய விதி. ஓர்டிஸ் ஆமையோடு வந்தான்.

"இது மீன் இல்ல, மிஸ்டர் ஓர்டிஸ்."

"மீனுன்னு எங்க எழுதியிருக்கு? பத்து நிமிஷம்னுதானே இருக்கு?"

வேறு யாராக இருந்தாலும் "போடா" என்று ஆமையைத் தூக்கியிருப்பார்கள். ஹெட்லண்ட் விதியை இரண்டு முறை படித்தான். வாளியில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னான். எங்கள் அறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அந்த ஆமை தண்ணீருக்கடியில் சும்மா கிடப்பதைப் பத்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தான். மாடியே வாசலில் கூடிவிட்டது. பதினோராவது நிமிடத்தில் எழுந்து, "ஆமை பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவனுக்கு அதில் தோல்விதான், ஆனால் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

டிசம்பர் இருபதாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு விடுதி மூடுவதாக இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு பிள்ளை உள்ளே இருக்கக் கூடாது. எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் வீடு இருக்கிறது என்பது அவர்கள் நினைப்பு. என் அம்மா அந்த இலையுதிர் காலத்தில்தான் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குச் சொத்து என்று இருந்தது ஒரு வேன். அதில் படுக்கை இருவருக்குத்தான். அரிசோனாவில் வெயில் நன்றாக இருக்கிறதென்று தபால் அட்டை போட்டாள். நல்லது, சந்தோஷமாக இருக்கட்டும். இருந்த வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டுப் போயிருந்தாள்.

இதை ஓர்டிஸிடம் சொல்லியிருந்தால் அவன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பான். எனக்கு வாய் வரவில்லை. கவுரவம். பத்தொன்பதாம் தேதி அவன் கிளம்பியதும் பழைய சாமான் கடையில் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்தேன். மறுநாள் மதியம் உடையலமாரிக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஹெட்லண்ட் வந்தான். மூடும் நாளுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. ஜன்னல் பூட்டியிருக்கிறதா, குப்பை கொட்டியாகிவிட்டதா, குளிர்பெட்டி இணைப்புப் பிடுங்கியிருக்கிறதா, திரை பாதி இறங்கியிருக்கிறதா. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக் குறி போட்டான். அலமாரிக் கதவுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளித்தான் நின்றான். பட்டியலில் அலமாரி இல்லை. அதனால் அவன் அதைத் திறக்கவில்லை.

விடுமுறைக் காவலுக்கு அவனே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடமாகவே அவன்தான் கையைத் தூக்கி அந்த வேலையை வாங்கிக்கொள்கிறான் என்று பேச்சு. மேலிடத்தைக் காக்கா பிடிக்கிறான் என்று சிரிப்போம். ஆறு நாள் அவனுக்குத் தெரியாமல் இருந்துவிட்டேன். காலையிலும் சாயங்காலமும் அவன் சுற்றி வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். இருபத்தாறாம் தேதி மத்தியானம் எனக்குச் சபலம் தட்டியது. சாஸேஜையும் வெங்காயத்தையும் சேர்த்து வதக்கினேன்.

கதவை மூன்று தடவை தட்டினான். ஆளே இல்லாத கட்டடத்தில், விதிப்படி, "ஆர்.ஏ., உள்ளே வரேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் திறந்தான்.

"மிஸ்டர் டூலி."

"ம்."

"கட்டடம் இருபதாம் தேதியோட மூடியாச்சு."

"தெரியும்."

"அந்தக் கரண்ட் அடுப்புக்கு அனுமதி கிடையாது."

"அதுவும் தெரியும்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கண்ணாடியின் உட்புறமே உறைந்திருந்தது. "வெளியில மைனஸ் இருபத்தாறு" என்றான். "உங்க வீட்டுல யாரும் இல்லையா?"

"வீடே இல்ல. வேன் இருக்கு. அதுல எனக்கு எடமில்ல."

சட்டியைக் கீழே இறக்கி வைத்தான். பிறகு அடுப்பின் இணைப்பைப் பிடுங்கி, ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ரசீது எழுதிக் கொடுத்தான். அதை நான் ராக்கெட் விடவில்லை.

"சாஸேஜ் வெந்துதா?"

"பாதிதான்."

"என் ரூமுக்கு எடுத்துட்டு வாங்க. ஆர்.ஏ. ரூம்ல மைக்ரோவேவ் வெச்சுக்கலாம்."

விடுதி திறக்கும் ஜனவரி பதினோராம் தேதி வரைக்கும் பதினாறு நாள் அவனோடு சாப்பிட்டேன். பாத்திரம் கழுவ ஒரு அட்டவணை போட்டான், இரண்டு பேருக்கு. ஒற்றை நாள் அவன், இரட்டை நாள் நான். என் அறைச் சூடேற்றியின் திருகு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தான். பேச்சோடு பேச்சாக, அவன் அப்பா டகோட்டாவில் இருந்த பன்றிப் பண்ணையைக் கடனுக்குப் பறிகொடுத்துவிட்டுத் தன் தங்கை வீட்டு நிலவறையில் முடங்கிக் கிடக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். மூன்று வருடமாக அவன் காக்கா பிடிக்கக் கை தூக்கவில்லை. அவனுக்கும் போக இடமில்லை. அந்த மூலை அறைதான் அவனுக்கு வீடு. மே மாதம் பட்டம் வாங்கிவிட்டால் ஒரு வேலை, ஒரு அறை என்று பிழைத்துக்கொள்வான். அதுவரைக்கும் அந்தக் கூரை நிற்க வேண்டும்.

"இதைப் பத்தி எழுதுவியா?" என்று பத்தாம் தேதி கேட்டேன்.

"எழுதணும்."

"யாருக்கும் தெரியாதே. எதுக்கு எழுதற?"

"நடந்துச்சே" என்றான், அதற்கு மேல் காரணம் வேண்டுமா என்பது போல.

"என் பேரையுமா?"

அவன், அன்று இரட்டை நாள் என்று ஞாபகப்படுத்தினான். நான் பாத்திரம் கழுவினேன்.

எல்லோரும் திரும்பி வந்த மறுநாளே அறிக்கையைக் கொடுத்துவிட்டான். ஓர்டிஸ் விடுதி முகப்பில் பகுதிநேர குமாஸ்தா. வருகிற காகிதத்தையெல்லாம் படிப்பதுதான் அந்த வேலையின் ஒரே சுகம். மூச்சு வாங்க மாடியேறி வந்தான்.

"மச்சி, ஹெட்லண்டு தன் மேலயே எழுதிக்கிட்டான்டா. கேளு. 'மூடிய கட்டடத்தில் ஒரு நபர் இருப்பதைக் கண்டேன். வெளியில் மைனஸ் இருபத்தாறு. நான் வெளியேற்றவில்லை. பதினாறு நாள் தங்கினார். கரண்ட் அடுப்பு ஒன்று பறிமுதல்.' பேருன்னு ஒரு கட்டம் இருக்கில்ல? காலி. நம்ம மீசைய எண்ணினவன்டா அவன். அதைக் காலியா விட்டிருக்கான்."

"யாரா இருக்கும்?" என்றேன்.

"இதுல என்னடா சந்தேகம்? பொண்ணு. ஆளில்லாத பில்டிங்ல பதினாறு நாள். அடுப்பு வேற. சமைச்சுப் போட்டிருக்கா." ஓர்டிஸ் கட்டிலில் உட்கார்ந்து தலையை ஆட்டினான். "வேலியே பயிர மேஞ்சிருக்குடா. அவனை நான் மதிக்கறேன்."

சாயங்காலத்துக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. ஒருவன் அவள் வாலிபால் ஆடுகிறவள் என்றான். ஒருவன் கல்லூரி முதல்வரின் மகள் என்றான். என்னையும் கேட்டார்கள். சும்மா இருந்தால் சந்தேகப்படுவார்களோ என்று பயந்து, செம்பட்டை முடிக்காரி ஒருத்தியை அந்தப் பக்கம் பார்த்ததாகச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்குச் செம்பட்டை முடி.

விடுதி நிர்வாகி மிஸ் பாட்ரிஸ் கீல் அவனைக் கூப்பிட்டு விசாரித்தாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. அந்த நாட்களில் இரண்டு முறை அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மிஸ்டர் டூலி, ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையே."

"சரி."

இரண்டாவது தடவையும் அதே கேள்வி, அதே பதில். நான் சொன்னால் என்னை வெளியே தள்ளுவார்கள். தள்ளினால் எனக்கு வேன் கூட இல்லை. அவனாவது நாலாம் வருடம், மூன்று வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவன், அவனை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்கு நியாயம் சொல்லத் தனியாக ஒரு வக்கீல் தேவையில்லை.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை போனால் அறையும் போகும். பணம் கட்டி வேறு அறை எடுக்க அவனிடம் வழியில்லை. முகப்புக் கூடத்தில் ஒரு கித்தான் பையின் மேல் உட்கார்ந்து, வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், விதிக் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தான். நான் படிக்கட்டிலிருந்து பார்த்துவிட்டு மேலே போய்விட்டேன்.

அவனைக் காப்பாற்றியது நான் இல்லை, அந்த இல்லாத பெண்தான். அறிக்கை எழுதும் ஹெட்லண்டை மாடியில் ஒருவனுக்கும் பிடிக்காது. காதலிக்காக வேலையைத் தொலைத்து, அவள் பெயரைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்ட ஹெட்லண்டுக்காக நாற்பது பேர் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். உயிர் தேவைப்படவில்லை, விருந்தினர் சீட்டு போதும் என்று கண்டுபிடித்தது ஓர்டிஸ். விதி இதுதான்: ஒரு மாணவன் ஒரு விருந்தினரை மூன்று இரவு வைத்துக்கொள்ளலாம், சீட்டு எழுதி முகப்பில் கொடுக்க வேண்டும். அதே விருந்தினரை அடுத்து வேறொருவன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

"நாற்பத்தெட்டு பேரு, ஆளுக்கு மூணு நைட்" என்று அவனிடம் போய்ச் சொன்னான் ஓர்டிஸ். "மே மாசம் தாண்டும்."

ஹெட்லண்ட் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தான். மறுபடி படித்தான். ஆமையைப் பார்த்த அதே முகம்.

"இடமிருக்கு" என்றான் கடைசியில்.

அப்படித்தான் அவன் மாடி மாடியாக இல்லை, கதவு கதவாகக் குடிபெயர ஆரம்பித்தான். சீட்டில் "விருந்தினருக்கும் உங்களுக்கும் உறவு" என்று ஒரு கட்டம் உண்டு. பையன்கள் "தூரத்துச் சித்தப்பா" என்றும், "முன்னாள் எதிரி" என்றும், "என் குலதெய்வம்" என்றும் எழுதினார்கள். தவறான தகவல் என்று ஹெட்லண்ட் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். வேறு வழியில்லாமல் ஒவ்வொருவனும் "நண்பன்" என்று எழுதினான்.

விருந்தாளியாக அவன் உபத்திரவம்தான். ஆறு மணிக்கு எழுந்து படுக்கைப் பையை உருட்டிக் கட்டிவிடுவான். வேலை போனாலும் கண் போகவில்லை.

"மிஸ்டர் காரிகன், அந்த எக்ஸ்டென்ஷன் வயர் கம்பளத்துக்கு அடியில ஓடக் கூடாது."

"அண்ணே, நீங்க இப்ப ஆர்.ஏ. இல்ல."

"தெரியும். அது வயருக்குத் தெரியாது."

காரிகன் முனகிக்கொண்டே வயரை எடுத்தான். புது ஆர்.ஏ. கிடார் வாசிப்பவன், எல்லோரையும் "தம்பி" என்று கட்டிப்பிடிப்பவன், ஒரு அறிக்கை எழுதியதில்லை. பிப்ரவரியில் மட்டும் நாலு தடவை எவனோ பாப்கார்னைக் கருக்கி, தீயணைப்பு வண்டி வந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டோடு பனியில் நின்றோம். நாலாவது தடவை நிற்கும்போது காரிகனே சொன்னான், "அந்தச் சனியன் பிடிச்சவன் இருந்தப்ப இது நடக்கலடா" என்று. மார்ச் விடுமுறைக்கு விடுதியை மூடியபோது ஓர்டிஸ் அவனைச் செயின்ட் பாலுக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனான். ஓர்டிஸின் அம்மா இன்றைக்கும் போன் செய்தால் முதலில் மகனை விசாரிப்பதில்லை.

எனக்கு அந்த நான்கு மாதமும் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் தாழ்வாரத்தில் அவன் கித்தான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது. அவன் முன்பு போலவே "மிஸ்டர் டூலி" என்று தலையசைப்பான். அட்டவணை போட்ட ஓர்டிஸிடம் ஒவ்வொரு வாரமும் பரீட்சை, சளி, உறவுக்காரர் என்று ஏதாவது சொல்லி என் முறையைத் தள்ளிக்கொண்டே போனேன். முப்பத்து இரண்டு பேர் முடிந்து, மே மாதம் முதல் வாரம், சொல்லச் சாக்கு தீர்ந்துபோய் என் முறை வந்தது. உறவு என்ற கட்டத்தில் "நண்பன்" என்று நானும் எழுதினேன். நாலெழுத்து எழுதக் கை அப்படிக் கூசும் என்று நான் நினைத்ததில்லை.

மூன்று இரவும் அவன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பற?" என்றான் ஓர்டிஸ், பாதித் தூக்கத்தில்.

"பரீட்சை வாரத்துல விருந்தினர் கூடாது. இன்னிக்கு மதியத்துலேருந்து."

"அட, ஒரே வாரம்டா. கடைசி வாரம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும், மிஸ்டர் ஓர்டிஸ். பரீட்சை வாரம் பூரா நூலகத்தை மூட மாட்டாங்க. அங்க உக்கார்றதுக்குத் தடை இல்ல."

ஒரு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கி, அதோடு ஐந்து பரீட்சை எழுதப் போகிறான். அவன் பையின் வாரை இழுத்துக் கட்டுவதைப் பார்த்தேன். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"பொண்ணே இல்ல" என்றேன்.

ஓர்டிஸ் எழுந்து உட்கார்ந்தான். "என்ன பொண்ணே இல்ல?"

"கிறிஸ்துமஸுக்கு இங்க இருந்தது நான். அந்த அலமாரிக்குள்ள இருந்தேன்."

ஓர்டிஸ் அலமாரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஹெட்லண்டைப் பார்த்தான். ஹெட்லண்ட் வாரைக் கட்டுவதை நிறுத்திவிட்டு நின்றான்.

"செம்பட்டை முடி?"

"அதுவும் நான் சொன்னதுதான்."

"நாயே" என்றான் ஓர்டிஸ், சத்தமே போடாமல். "முப்பது பேரு ரூம்ல இவன் தரையில படுத்தான். நீ பார்த்துட்டே இருந்த."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கீழே மிஸ் கீலின் அறைக்குப் போனேன். பின்னால் இரண்டு பேர் காலடியும் கேட்டது. அவர்கள் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மிஸ் கீல் நல்ல பெண்மணி. அகலமான முகம், மேசை மேல் எப்போதும் ஒரு கிண்ணம் மிட்டாய். நின்றுகொண்டே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு படிவத்தை எடுத்து நகர்த்தினாள்.

"எழுதிக் குடு. பேரு, தேதி, என்ன நடந்துச்சுன்னு."

எழுதினேன். அவள் படித்துவிட்டுக் கையேட்டைப் புரட்டினாள்.

"மூடின கட்டடத்துல தங்கினது முதல் தடவைங்கறதால ரெண்டு பக்கக் கட்டுரை" என்றாள். "'என் செயல் மற்றவர்களை எப்படிப் பாதித்தது.' அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

"என்னை வெளிய அனுப்பலையா?"

"போக எடமில்லாத பிள்ளைய வெளிய அனுப்பறதா? ஜனவரியிலயே வந்திருந்தா லீவுக்கெல்லாம் உனக்கு ஒரு ரூம் பாத்துக் குடுத்திருப்பேன். கையேட்டுல போடல, ஆனா அதுக்குன்னு தனியா ரெண்டு ரூம் வெச்சிருக்கோம்."

"அப்ப ஹெட்லண்ட்?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். "உன்னைத் தங்கவெச்சதுக்கு நான் அவனை எடுக்கலப்பா. அந்தக் குளிர்ல நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அறிக்கையில பேரை மறைச்சா வேலையில வெச்சுக்க முடியாது, அது அவங்க ஒப்பந்தம். பத்து நாள் டைம் குடுத்தேன். நீ சொல்லு, இல்ல அந்த ஆளே வந்து சொல்லட்டும், ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடறேன்னேன். பத்து நாளும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து, 'இன்னிக்கு யாராவது வந்தாங்களா மேடம்'னு கேட்டுட்டுப் போனான்."

"இப்ப அவனுக்கு ரூமைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

"அதுல வேற பையன் இருக்கான். செமஸ்டரே முடிஞ்சுபோச்சேப்பா."

வெளியே வந்தேன். பெஞ்சில் ஓர்டிஸ் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். ஹெட்லண்ட் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை பக்கம்?" என்றான்.

"ரெண்டு." அவன் முன்னால் போய் நின்றேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கையேட்டுல நாற்பத்தோராம் பக்கம்."

"அப்ப ஏன்டா என்கிட்ட சொல்லல? என் வாசல்ல வந்து நின்னியே, ரெண்டு தடவை. 'ரெண்டு பக்கம்தான், வந்து சொல்லு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடிவந்திருப்பேனே."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஆமா, மிஸ்டர் டூலி" என்றான். "ரெண்டு பக்கம்தான்னு வந்திருப்பீங்க."

அதில் கோபம் இல்லை. பட்டியலில் குறி போடும்போது பேசுகிற அதே குரல். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நூலகத்துப் பக்கம் நடந்தான். ஓர்டிஸ் மாடிக்கு ஓடி, தன் தலையணையையும் என் தலையணையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி அவன் பின்னால் ஓடினான். போகிற வழியில் காரிகனைக் கத்திக் கூப்பிட்டான், படுக்கைப் பையோடு வரச் சொல்லி. பெண் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டான். நான் மேலே போய், காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என் செயல் மற்றவர்களை எப்படிப் பாதித்தது என்று எழுத உட்கார்ந்தேன்.